தானுந்துச் சட்டகப் பற்றவைப்பு

தானுந்துச் சட்டகப் பற்றவைப்பு என்பது தானுந்து, ஜீப் முதலிய ஊர்திகளின் அடிச்சட்டகத்தை (சேஸிஸ்) உருக்குக் குழாய்களையோ பட்டைகளையோ உருக்கி இணைத்து அமைக்கும் வேலை ஆகும். பெரிய தொழிற்சாலைகளில் ஒரே வகைச் சட்டகம் ஆயிரக்கணக்கில் செய்யப்படுவதால், பற்றவைப்பு முறை முன்கூட்டியே வகுக்கப்பட்டு, பெரும்பாலும் தானியங்கிகளால் செய்யப்படுகின்றது. பந்தயத் தானுந்து, மாணவர் போட்டி ஊர்தி, பழுதுபார்க்கப்படும் பழைய ஜீப் ஆகியவற்றில் நிலைமை வேறு. இங்கு ஒரே ஒரு சட்டகமே செய்யப்படுகின்றது. எந்த முறையில் பற்றவைப்பது என்ற முடிவைப் பட்டறையில் இருப்பவரே எடுக்க வேண்டியுள்ளது.

இம்முறைகளுள் எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. உலோகத்தின் தடிப்பு, உருக்கின் வகை, வேலை நடக்கும் இடம், பற்றவைப்பவரின் பயிற்சி ஆகிய நான்கும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கின்றன. பார்வைக்கு அழகாகத் தோன்றும் பற்றவைப்பு உள்ளே சரியாக உருகிக் கலக்காமல் இருக்கலாம் என்பதால், இத்தெரிவு ஊர்தியில் பயணம் செய்பவர்களின் உயிரோடு தொடர்புடையது.

வரலாறு

ஆக்சி-அசிட்டிலீன் சுடரால் உலோகத்தை இணைக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கார் செல்பெரி பூச்சிட்ட மின்வாய்க் கம்பியை உருவாக்கினார். இன்று தமிழகத்தின் சிற்றூர்ப் பட்டறைகளிலும் காணப்படும் 'ஆர்க் வெல்டிங்' இதன் தொடர்ச்சியே. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், வானூர்திகளுக்கான மக்னீசியத்தை இணைக்கும் தேவையிலிருந்து டங்ஸ்டன் மந்த வளிமப் பற்றவைப்பு (டிக்) உருவானது. 1948இல் கம்பி தானாக ஊட்டப்படும் உலோக வளிமப் பற்றவைப்பு (மிக்) உருவாக்கப்பட்டது. 1950களில் விலை குறைந்த கரியமில வளிமம் காப்பு வளிமமாகப் பயன்படத் தொடங்கியபின் அது உருக்கு வேலைகளில் விரைவாகப் பரவியது.

பந்தயத் தானுந்துகளில் குழாய்ச் சட்டகம் 1950களில் உச்சத்தை எட்டியது. 1959இல் வெளிவந்த மசெராட்டி டிப்போ 61, ஏறத்தாழ 200 சிறு குழாய்களை இணைத்துச் செய்யப்பட்ட சட்டகத்தைக் கொண்டிருந்ததால் 'பறவைக் கூண்டு' என்ற பட்டப்பெயரைப் பெற்றது.

தமிழகத்தில் இத்துறையின் மையம் கோயம்புத்தூர் ஆகும். அந்நகரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954-1995) 1980களின் இறுதியில் மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்துகளை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என அழைக்கப்பட்ட இவ்வகை, குறைந்த செலவில் பலர் பந்தயத்துக்கு வர வழிசெய்தது. பின்னாளில் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்குகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் இதை ஓட்டியவர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம் கரிவரதனின் பெயரைத் தாங்கியுள்ளது.

சட்டக வகைகள்

தனியாகச் செய்யப்படும் அல்லது பழுதுபார்க்கப்படும் சட்டகங்கள் பெரும்பாலும் இரு வகைப்படும்.

ஏணிச் சட்டகம்: நீளவாக்கில் இரண்டு தண்டுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டுகளும் கொண்டது. பார்வைக்கு ஏணி போல் இருப்பதால் இப்பெயர் பெற்றது. ஜீப், சரக்குந்து ஆகியவற்றில் காணப்படுகின்றது. உலோகத்தின் தடிப்பு பொதுவாக 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இச்சட்டகம் முறுக்கப்படுகின்றது.

குழாய்ச் சட்டகம்: மெல்லிய குழாய்களை முக்கோண அமைப்பில் இணைத்துச் செய்யப்படுவது. எடை குறைவு, விறைப்பு மிகுதி. சுவர்த்தடிப்பு 1.5 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை இருப்பது வழக்கம். பல குழாய்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதால் மூட்டுகளின் எண்ணிக்கையும் வேலையின் நுட்பமும் கூடுகின்றன.

முதன்மையான முறைகள்

பூச்சுக் கம்பி மின்வில் பற்றவைப்பு (ஆர்க்)

பூச்சிட்ட கம்பிக்கும் (ராடு) உலோகத்துக்கும் இடையே மின்வில் உண்டாக்கப்படுகின்றது. கம்பியின் பூச்சு எரிந்து, உருகிய உலோகத்தைக் காக்கும் வளிமத்தையும் கசடையும் தருகின்றது. தனியாக வளிம உருளை தேவையில்லை. காற்று வீசும் இடத்திலும் செய்யலாம். கருவியின் விலையும் குறைவு.

பட்டறைகளில் பெரிதும் பயன்படும் 6013 வகைக் கம்பி எளிதில் பற்றிக்கொள்ளும். ஆனால் ஆழமாக ஊடுருவாது. தடித்த சட்டகத் தண்டுகளுக்கு 7018 வகைத் தாழ் ஹைட்ரஜன் கம்பி ஏற்றது. எனினும் இக்கம்பியின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரமான கம்பியால் பற்றவைத்தால் ஹைட்ரஜன் உலோகத்துள் புகுந்து, வேலை முடிந்து சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துக் கூட விரிசலை உண்டாக்கலாம். ஆகவே திறந்து வைக்கப்பட்ட கம்பிகளைத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வெப்பநிலையில் (பெரும்பாலும் 250 பாகை செல்சியசுக்கு மேல்) சூளையில் உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

2 மி.மீ.க்குக் குறைவான குழாய்களில் இம்முறை எளிதில் ஓட்டை போட்டுவிடும்.

உலோக வளிமப் பற்றவைப்பு (மிக்)

மெல்லிய கம்பி ஒரு துப்பாக்கியின் வழியே தொடர்ந்து ஊட்டப்படுகின்றது. கரியமில வளிமமோ, ஆர்கானும் கரியமில வளிமமும் சேர்ந்த கலவையோ உருகிய உலோகத்தைக் காக்கின்றது. சட்டக வேலைக்கு 0.8 மி.மீ. கம்பி வழக்கமானது. வேகமாகச் செய்யலாம், கற்றுக்கொள்வதும் ஒப்பீட்டளவில் எளிது. மென்னுருக்குக் குழாய்ச் சட்டகங்கள் பல இம்முறையிலேயே செய்யப்படுகின்றன.

இம்முறையின் எளிமையே இதன் ஆபத்தும் ஆகும். மின்னோட்டம் போதாதபோதும் கம்பி தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், அடியிலுள்ள உலோகம் உருகாமலேயே அதன்மேல் ஒரு தடம் படிந்துவிடும். இது 'குளிர்ப் பற்று' எனப்படுகின்றது. வெளிப்பார்வையில் இதற்கும் நல்ல பற்றவைப்புக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

டங்ஸ்டன் மந்த வளிமப் பற்றவைப்பு (டிக்)

உருகாத டங்ஸ்டன் மின்வாயிலிருந்து எழும் மின்வில் உலோகத்தை உருக்குகின்றது. நிரப்புக் கம்பியை மற்றொரு கையால் தேவைக்கேற்பச் சேர்க்க வேண்டும். காப்பு வளிமம் ஆர்கான். உலோகம் உருகிக் கலப்பதைக் கண்ணால் பார்த்தபின் கம்பியைச் சேர்ப்பதால், குளிர்ப் பற்று ஏற்படும் வாய்ப்பு குறைவு. மெல்லிய குழாய்களுக்கும் குரோமியம்-மாலிப்டினம் கலந்த உருக்குக்கும் இம்முறை விரும்பப்படுகின்றது. மின்னோட்டத்துக்கு, 1 மி.மீ. தடிப்புக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது தொடக்கக் கணக்காகக் கொள்ளப்படுகின்றது.

குறைபாடுகள்: வேகம் மிகக் குறைவு, நீண்ட பயிற்சி தேவை, துரு, எண்ணெய், சாயம் ஆகியவற்றை முற்றிலும் நீக்கியிருக்க வேண்டும், குழாய்களுக்கிடையே இடைவெளி இருத்தல் கூடாது.

ஒப்பீடு

| பண்பு | ஆர்க் | மிக் | டிக் |
|---|---|---|---|
| ஏற்ற தடிப்பு | 3 மி.மீ.க்கு மேல் | 1 முதல் 5 மி.மீ. வரை | 3 மி.மீ. வரை |
| திறந்தவெளி வேலை | இயலும் | காற்றுத் தடுப்பு தேவை | காற்றுத் தடுப்பு தேவை |
| வேகம் | நடுத்தரம் | மிகுதி | குறைவு |
| தேவையான பயிற்சி | நடுத்தரம் | குறைவு | மிகுதி |
| முதன்மையான குறை | கசடு சிக்குதல், ஈரக் கம்பி | குளிர்ப் பற்று | மாசு, மெதுவான வேலை |

தெரிவைத் தீர்மானிக்கும் காரணிகள்

உருக்கின் வகை

இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் கட்டமைப்பு உருக்கு ஐ.எஸ். 2062 தரத்தைச் சார்ந்தது. இதன் ஈ250 வகையின் இளகு வலிமை 250 மெகாபாஸ்கல் ஆகும். இதை மூன்று முறைகளிலும் பற்றவைக்கலாம். 4130 எனப்படும் குரோமியம்-மாலிப்டினம் உருக்கில் கரிமம் ஏறத்தாழ 0.3 விழுக்காடு உள்ளது. இது பற்றவைத்தபின் விரைவாகக் குளிர்ந்தால் கடினமாகி, நொறுங்கும் தன்மையைப் பெறும். எனவே இதன்மீது நீர் ஊற்றிக் குளிர்விப்பது கூடாது. காற்றில் மெதுவாக ஆறவிட வேண்டும்.

வலிமை கூடிய உருக்கை வாங்கினால் சட்டகம் நீண்டநாள் உழைக்கும் என்பது பரவலான எண்ணம். நடைமுறையில், திரும்பத் திரும்ப வரும் அதிர்வால் ஏற்படும் உலோகச் சோர்வு, பற்றவைப்புத் தடத்தின் ஓரத்திலேயே தொடங்குகின்றது. வழக்கமான பற்றவைப்பில் அவ்விடத்தின் சோர்வு வலிமை, உருக்கின் வலிமையைக் கூட்டுவதால் கூடுவதில்லை. மூட்டின் வடிவமும் வேலையின் தரமுமே அதைத் தீர்மானிக்கின்றன.

வெப்ப அளவு

பற்றவைப்பின்போது ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் செல்லும் ஆற்றலைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

வெப்ப அளவு (ஜூல்/மி.மீ.) = மின்னழுத்தம் × மின்னோட்டம் × 60 ÷ வேகம் (மி.மீ./நிமிடம்)

எடுத்துக்காட்டாக, 19 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 400 மி.மீ. வேகத்தில் செய்யப்படும் மிக் பற்றவைப்பில் இது 342 ஜூல் ஆகும். 12 வோல்ட், 80 ஆம்பியர், நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகத்தில் செய்யப்படும் டிக் பற்றவைப்பில் 576 ஜூல் ஆகும். இரண்டிலும் ஆற்றலின் ஒரு பகுதி வீணாகின்றது. வழக்கமாகக் கொள்ளப்படும் பயனுறுதிறன்களை (மிக் 0.8, டிக் 0.6) சேர்த்தால் முறையே 274, 346 ஜூல் கிடைக்கும். அதாவது, மின்னோட்டம் குறைவாக இருந்தும் மெதுவாகச் செல்வதால் டிக் முறையே உலோகத்தைக் கூடுதலாகச் சூடாக்குகின்றது. டிக் என்றால் வெப்பம் குறைவு, சட்டகம் கோணாது என்ற நம்பிக்கை எப்போதும் சரியன்று.

பொருத்தமும் தாங்கியும்

ஒரு குழாய் மற்றொன்றோடு சேரும் முனையை மீன் வாய் போன்ற வளைவாக வெட்டி, இடைவெளி இல்லாதபடி பொருத்த வேண்டும். இடைவெளியை உருகிய உலோகத்தால் நிரப்பிச் சரிசெய்யும் வழக்கம் மூட்டை வலுவிழக்கச் செய்கின்றது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கிக் குழாயை இழுப்பதால், சட்டகம் முழுவதையும் முதலில் தாங்கியில் (ஜிக்) பொருத்திப் புள்ளிப் பற்றுகளால் (டேக்) நிறுத்துவர். பின்னர் ஒரு மூலையில் சிறிது, அதற்கு எதிர் மூலையில் சிறிது என மாறி மாறிப் பற்றவைப்பர். இவை சரியாகச் செய்யப்படாவிடில் எந்த முறையைத் தெரிந்தாலும் பயனில்லை.

மலைப்பகுதி ஊர்திகளில்

நீலகிரி மாவட்டத்தின் மசினகுடி, இத்தெரிவில் இடத்தின் பங்கை விளக்க நல்ல எடுத்துக்காட்டு ஆகும். முதுமலைக் காட்டை ஒட்டிய இவ்வூரில் ஜீப்புகள் பயணிகளை ஏற்றிச் செல்லப் பெரிதும் பயன்படுகின்றன. இங்கிருந்து கல்லட்டி வழியாக உதகமண்டலம் செல்லும் மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுக்குள் 1,200 மீட்டருக்கும் மேலான உயர வேறுபாடு உள்ளது.

இத்தகைய பாதையில் இறங்கும் ஊர்தியில் தடுப்பு விசை தொடர்ந்து முன்பகுதியைத் தாக்குகின்றது. வளைவுகளில் சட்டகம் முறுக்கப்படுகின்றது. ஏணிச் சட்டகத்தில் விரிசல்கள் பெரும்பாலும் தகட்டு வில் (லீஃப் ஸ்பிரிங்) மாட்டப்படும் இடம், திசைமாற்றிப் பெட்டி (ஸ்டீயரிங் பாக்ஸ்) பொருத்தப்படும் இடம், குறுக்குத் தண்டு சேரும் இடம் ஆகியவற்றில் தொடங்குகின்றன. சமவெளியில் பல ஆண்டுகள் தாங்கக்கூடிய குளிர்ப் பற்று, இங்கு ஒரே இறக்கத்தில் விட்டுப்போகலாம்.

பட்டறையின் சூழலும் கருதத்தக்கது. மணிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று வீசினால் மிக், டிக் ஆகியவற்றின் காப்பு வளிமம் கலைந்து, பற்றவைப்பில் நுண்துளைகள் உண்டாகும். பக்கச் சுவரற்ற கொட்டகையில் இது எளிதில் நேரும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் மிக் கருவியின் அமைவு வேலையின் நடுவே மாறிவிடும். இக்காரணங்களால், தடித்த ஏணிச் சட்டகத்தை மலையூரில் பழுதுபார்ப்பதற்கு உலர்ந்த 7018 கம்பியுடன் கூடிய ஆர்க் முறையே பல நேரங்களில் நம்பத்தக்கது. மழைமறைவுப் பகுதியில் அமைந்த மசினகுடி ஓரளவு வறண்டது. மழை மிகுந்த கூடலூர்ப் பக்கத்திலோ கம்பியை உலர்வாக வைத்திருப்பதே பெரிய வேலையாகிவிடும். அங்குக் காற்று புகாத அறையில் செய்யப்படும் மிக் முறை பொருத்தமானதாக அமையலாம்.

விரிசலைச் சரிசெய்யும்போது அதன் முனையைக் கண்டறிந்து அங்குச் சிறு துளையிட்டு, விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்துவர். பிறகு விரிசலை 'வி' வடிவில் குடைந்து, முழு ஆழத்துக்கும் பற்றவைப்பர். மேலே வலுவூட்டும் தகடு வைத்தால், அதன் முனைகள் சாய்சதுர வடிவில் இருத்தல் நலம். தண்டின் குறுக்கே நேர்கோட்டில் செல்லும் பற்றுத் தடம் அவ்விடத்திலேயே அடுத்த விரிசலுக்கு வழி வகுக்கும். உயர் வலிமை உருக்கால் ஆன சரக்குந்துச் சட்டகங்கள் பலவற்றில் பற்றவைப்பைத் தயாரிப்பாளர்கள் கட்டுப்படுத்துகின்றனர். அவற்றில் தறையாணி (ரிவெட்), மரையாணி ஆகியவையே பயன்படுகின்றன.

பொதுவான பிழைகள்

* நாகப் பூச்சிட்ட தண்ணீர்க் குழாயை (ஜி.ஐ. பைப்) சட்டகத்துக்குப் பயன்படுத்துதல். நாகம் ஆவியாகி நுண்துளைகளை உண்டாக்குகின்றது. அப்புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் ஏற்படலாம்.
* அழகுக்காகப் பற்றுத் தடத்தைக் கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்குதல். இதனால் மூட்டின் தடிப்பு குறைகின்றது.
* சாயத்தையும் துருவையும் நீக்காமல் பற்றவைத்தல்.
* மின்கலத்தைக் கழற்றாமல் ஊர்தியில் பற்றவைத்தல். மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதாகலாம்.
* எரிபொருள் தொட்டியை அகற்றாமல் அதனருகே வேலை செய்தல். காலியான தொட்டியிலும் ஆவி எஞ்சியிருப்பதால் அது வெடிக்கக்கூடும்.

சோதனை

மிக எளிய சோதனை, அதே குழாய்த் துண்டுகளில் அதே அமைவுடன் ஒரு மாதிரி மூட்டைச் செய்து, அதை வெட்டியும் உடைத்தும் பார்ப்பதாகும். பற்றவைப்புத் தடம் குழாயிலிருந்து உரிந்து வந்தால் அது குளிர்ப் பற்று. குழாயே கிழிந்தால் மூட்டு நன்று. பாஜா எஸ்.ஏ.ஈ. மாணவர் போட்டி விதிகளில் இத்தகைய மாதிரிகளை அணிகள் செய்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பாதுகாப்புக் கூண்டின் முதன்மைக் குழாய்க்கு 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவர்த்தடிப்பும், குறைந்தது 0.18 விழுக்காடு கரிமமும் அடிப்படை அளவாகக் கொள்ளப்படுகின்றன. இப்போட்டியின் இந்தியப் பதிப்பு 2007இல் தொடங்கியது.

முடிந்த சட்டகத்தை உடைக்காமல் சோதிக்க, மேற்பரப்பு விரிசல்களைக் காட்டும் சாய ஊடுருவல் சோதனை பயன்படுகின்றது. சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்தபின் வெண்பொடியைத் தெளித்தால், விரிசலுள் தங்கிய சாயம் கோடாகத் தெரியும். இச்சோதனை உள்ளே மறைந்திருக்கும் குளிர்ப் பற்றைக் காட்டாது. பற்றவைப்பாளர்களின் திறனைச் சோதிக்க இந்தியாவில் ஐ.எஸ். 7310 என்னும் தரம் உள்ளது. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவன வளாகத்தில் 1975இல் நிறுவப்பட்ட பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் இத்துறையில் ஆய்வும் பயிற்சியும் அளிக்கின்றது.

சட்ட நிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி ஊர்தியை மாற்றுதல் கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது.

இதனால், புதிதாக வடிவமைத்துச் செய்யப்படும் சட்டகங்கள் இந்தியாவில் பெரும்பாலும் பந்தயத் தடங்களிலும் மாணவர் போட்டிகளிலுமே இடம்பெறுகின்றன. பொதுச்சாலையில் ஓடும் ஊர்தியைப் பொறுத்தவரை, சட்டகத்தை அதன் முதல் அளவிலேயே செம்மையாகப் பழுதுபார்ப்பதுதான் பற்றவைப்பாளரின் வேலை ஆகும்.

இவற்றையும் பார்க்க

* பற்றவைப்பு
* உருக்கு
* உலோகச் சோர்வு
* கரி மோட்டார் ஸ்பீட்வே
* மசினகுடி